வீட்டு ரூட்டரின் இடத்தில் ஒரு லினக்ஸ் கணினி: அமைக்கும் முறை

பிராட்பேண்ட் இணைப்பு தரும் நிறுவனம் வீட்டில் பொருத்திவிட்டுப் போகும் பெட்டியை நாம் ரூட்டர் என்று ஒரே சொல்லில் அழைத்தாலும், அதற்குள் நடப்பவை பல வேலைகள். ஃபைபர் வழியே வரும் ஒளியை ஈதர்நெட் சைகையாக மாற்றுவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நுழைவது, கிடைத்த ஒரே ஐபி முகவரியை வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் பகிர்வது, அச்சாதனங்களுக்கு உள்முகவரி வழங்குவது, இணையதளப் பெயர்களுக்குரிய முகவரிகளைத் தேடித் தருவது, வெளியிலிருந்து அத்துமீறி வருவதைத் தடுப்பது, வைஃபை பரப்புவது என்று அவை நீளும். லினக்ஸ் கணினியை ரூட்டராக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, இவற்றுள் எவற்றைக் கணினிக்கு மாற்றுவது, எவற்றை இருக்கும் பெட்டிகளிடமே விடுவது என்று பிரித்துக்கொள்வதுதான். ஃபைபரையும் வைஃபையையும் அவற்றுக்கென்றே செய்யப்பட்ட கருவிகளிடம் விட்டுவிட்டு, இடையிலுள்ள அனைத்தையும் டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவிய ஒரு கணினிக்கு ஒவ்வொன்றாக மாற்றும் வழியை இக்கட்டுரை கூறுகிறது. அமைப்புக் கோப்புகளின் முழு இலக்கணமும் அந்தந்த நிரலின் மேன் பக்கங்கள் எனப்படும் கையேட்டில் கிடைப்பதால், எதை, எந்த வரிசையில், ஏன் செய்ய வேண்டும் என்பதற்கே இங்கு இடம் தருகிறேன்.

கடையில் விற்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவையும் உள்ளே லினக்ஸையே ஓட்டுகின்றன. லிங்க்சிஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரின் மூலநிரல், மூலநிரலைப் பகிரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தின் கட்டாயத்தால் 2003இல் பொதுவில் வந்தது. அதிலிருந்துதான் ரூட்டர்களுக்கான கட்டற்ற லினக்ஸை உருவாக்கும் ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் 2004இல் பிறந்தது. ஆகவே நாம் செய்யப்போவது புதிய காரியம் அன்று. வேறுபாடு பராமரிப்பில் இருக்கிறது. மலிவான ரூட்டருக்கு உற்பத்தியாளர் சில ஆண்டுகளில் மென்பொருள் திருத்தம் தருவதை நிறுத்திவிடுகிறார். பெட்டியோ அதன் பின்னும் பல ஆண்டுகள் இணையத்தை நோக்கி நின்றுகொண்டே இருக்கிறது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது, ரூட்டர்களின் தொலைப் பராமரிப்பு வாயிலைக் குறிவைத்து மிராய் வகை நச்சுநிரல் நடத்திய தாக்குதலின் விளைவு. டெபியன் கணினியையோ பாதுகாப்புத் திருத்தங்களை நாள்தோறும் தானாகவே பெற்றுக்கொள்ளுமாறு அமைக்கலாம். உள்ளே என்ன ஓடுகிறது, எந்தச் சாதனம் எங்கே பேசுகிறது என்பதை உரிமையாளரே பார்க்கலாம்.

எந்தக் கணினி?

வேகத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். நொடிக்கு 100 முதல் 300 மெகாபிட் வரையிலான இணைப்பைப் பத்தாண்டுப் பழைய டெஸ்க்டாப்கூட அலுப்பின்றிக் கையாளும். பார்க்க வேண்டியவை இரண்டே: ஈதர்நெட் முனைகள், மின்செலவு.

ஈதர்நெட் முனைகள் இரண்டு தேவை, வெளிப்பக்கத்துக்கு ஒன்றும் உட்பக்கத்துக்கு ஒன்றுமாக. இன்டெல் ஐ210, ஐ226 போன்ற சில்லுகள் கொண்ட கார்டுகள் லினக்ஸில் நன்கு புழங்கியவை. ஒரே முனை உள்ள கணினியானால், ஒரே கேபிளில் பல வலையமைப்புகளை எண்ணிட்டுப் பிரிக்கும் விஎல்ஏஎன் முறை தெரிந்த மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றை வாங்கி அந்த ஒரு முனையிலேயே இரு பக்கத்தையும் கொண்டுவரலாம். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் சோதனைக்குப் போதும். ஆண்டு முழுவதும் ஓடும் இணைப்பை அதன் மேல் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்செலவைக் கணக்கிட்டே தீர வேண்டும், ஏனெனில் ரூட்டர் உறங்குவதில்லை. 50 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 73 யூனிட் இழுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் சலுகையின் பெரும்பகுதியை ரூட்டரே தின்றுவிடும் என்பது விளங்கும். இன்டெல் என்100 செயலி கொண்ட மினி பிசி போன்ற, 10 வாட் அளவில் ஓடும் கணினியானால் அது 15 யூனிட்டுக்குள் அடங்கும். சும்மா கிடக்கிறதே என்று பழைய கணினியை எடுப்பவர்கள், அதன் மின்கட்டணம் சில ஆண்டுகளில் புதிய மினி பிசியின் விலையை எட்டிவிடுமா என்று ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது நல்லது.

கணினி கைக்கு வந்ததும் பயாஸ் அமைப்பில், மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாக இயங்கத் தொடங்குமாறு மாற்றிவைக்க வேண்டும். விசிறியில்லாத மினி பிசி உடம்பு முழுவதையும் கொண்டே வெப்பத்தை வெளியேற்றுவதால், சித்திரை வெயிலில் அதை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது.

முதல் கட்டம்: பழைய ரூட்டருக்குப் பின்னால்

வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் இணைப்பை அறுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது தேவையற்ற துன்பம். இருக்கும் ரூட்டரை அப்படியே விட்டு, அதன் உட்பக்க முனை ஒன்றில் நம் கணினியின் வெளிப்பக்க முனையைச் செருகினால், பழைய ரூட்டரே நம் கணினிக்கு இணைய நிறுவனம்போல் நடந்துகொள்ளும். நம் கணினிக்குப் பின்னால் ஒரு மடிக்கணினியை மட்டும் இணைத்து, எல்லாவற்றையும் அங்கே சோதித்து முடித்த பிறகே ஃபைபர் பக்கம் கைவைக்க வேண்டும்.

டெபியனை வரைகலை மேசைத்தளம் ஏதுமின்றி, வேறு கணினியிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் சேவை மட்டும் சேர்த்து நிறுவுக. அடுத்து, இரு முனைகளுக்கும் நிலையான பெயர் இடவேண்டும். கார்டை இடம் மாற்றினாலோ புதிய கார்டு சேர்த்தாலோ முனைகளின் இயல்பான பெயர்கள் மாறக்கூடும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று கூறும் ஃபயர்வால் விதிகள் அந்தப் பெயர்களையே நம்பியிருப்பதால் அது ஆபத்து. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லிங்க் கோப்புகளில், கார்டுக்கு ஆலையிலேயே இட்ட நிரந்தர மேக் முகவரியை அடையாளமாகக் கொடுத்து, வெளிமுனைக்கும் உள்முனைக்கும் நாமே பெயர் சூட்டலாம். வெறும் மேக் முகவரியைக் கொடுத்தால், பின்னர் அதே முனையின் மேல் உருவாகும் விஎல்ஏஎன் முனையும் அதே முகவரியைச் சுமப்பதால் குழப்பம் வரும். நிரந்தர முகவரி என்ற புலத்தையே பயன்படுத்துக.

உட்பக்க வலையமைப்புக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல ரூட்டர்களும், ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிகளும் அதையே வைத்திருப்பதால், இருபக்கமும் ஒரே வலையமைப்பாகி எதுவும் ஓடாது. 192.168.50.1 என்பதை நம் கணினியின் உள்முனைக்கு நிலையாகக் கொடுத்துவிடலாம். வெளிமுனை இப்போதைக்கு, தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி முறை வழியாகப் பழைய ரூட்டரிடமிருந்து முகவரி பெறட்டும்.

பிறகு லினக்ஸின் மையமான கர்னலிடம், ஒரு முனையில் வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறு முனைக்குக் கடத்த அனுமதி தர வேண்டும். கர்னலின் மதிப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் அமைப்பில், வழக்கமான ஐபி முகவரி முறையான ஐபிவி4க்கான ஃபார்வர்டிங் மதிப்பை 1 ஆக்குவதே அது. லினக்ஸ் கணினியை ரூட்டராக மாற்றும் செயல் உண்மையில் இந்த ஒரு வரிதான். மற்றவை எல்லாம் அதைப் பாதுகாப்பாகவும் பயனுள்ளதாகவும் ஆக்குபவை.

முகவரி வழங்கலுக்கும் பெயர்த் தேடலுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரல் போதும். அது உள்முனையில் மட்டும் செவிமடுக்குமாறு அமைத்து, 192.168.50.100 முதல் 200 வரையிலான முகவரிகளைப் பன்னிரண்டு மணி நேரக் குத்தகைக்கு வழங்கச் சொல்லலாம். பிரின்டர், கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்கு மேக் முகவரியை வைத்து நிலையான ஐபி ஒதுக்கிவிட்டால், பின்னால் விதிகள் எழுதும்போது எளிதாக இருக்கும். உபுண்டு பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சேவை ஏற்கெனவே பெயர்த் தேடலுக்குரிய (டிஎன்எஸ்) 53ஆம் போர்ட்டைப் பிடித்திருப்பதால் டிஎன்எஸ்மாஸ்க் தொடங்க மறுக்கலாம்.

ஃபயர்வால்

இதில் அவசரம் கூடாது. இன்றைய டெபியனில் இதற்குரிய கருவி என்எஃப்டேபிள்ஸ். விதிகளை மூன்று கேள்விகளுக்கான விடைகளாக எண்ணிக்கொண்டால் எழுதுவது எளிது. கணினிக்குள்ளேயே வர விரும்புவோர் யார்? கணினி வழியாகக் கடந்து போக விரும்புவோர் யார்? கடந்து போகும்போது முகவரியை மாற்ற வேண்டியவர்கள் யார்?

முதல் கேள்விக்குரியது இன்புட் சங்கிலி என்ற விதித்தொடர். அதன் இயல்பான முடிவை மறுப்பு என்று வைத்துவிட்டு, ஏற்கெனவே நாம் தொடங்கிய உரையாடல்களின் பதில்களையும், கணினி தனக்குத்தானே பேசுவதையும், உள்முனையிலிருந்து வரும் டிஎச்சிபி, டிஎன்எஸ், எஸ்எஸ்எச் வேண்டுகோள்களையும், பிழையையும் நிலையையும் அறிவிக்கும் ஐசிஎம்பி செய்திகளையும் மட்டும் ஏற்க வேண்டும். வெளிமுனையிலிருந்து எஸ்எஸ்எச் திறந்துவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டாவதற்குரியது ஃபார்வர்டு சங்கிலி. அதுவும் மறுப்பில் தொடங்கி, உள்ளிருந்து வெளியே போவதையும் அதற்கான பதில்களையும் மட்டும் அனுமதிக்க வேண்டும். மூன்றாவதற்கு, வெளிமுனை வழியாகப் புறப்படும் எல்லாவற்றுக்கும், உள்முகவரியைக் கணினியின் வெளிமுகவரியாக மாற்றும் மாஸ்கரேட் என்ற ஒரே விதி.

இங்கே நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. முனையைக் குறிக்க என்எஃப்டேபிள்ஸில் இரு வழிகள் இருக்கின்றன: கர்னல் அம்முனைக்கு இட்ட எண்ணைக் கொண்டு குறிப்பது ஒன்று, பெயரைக் கொண்டு குறிப்பது மற்றொன்று. எண்வழி சற்று விரைவானது என்றாலும், விதிகள் ஏற்றப்படும் நேரத்தில் அந்த முனை இருந்தாக வேண்டும். அடுத்த கட்டத்தில் நிறுவனத்துடன் இணைய நாம் உருவாக்கப்போகும் பிபிபி முனையோ இணைப்பு வரும்போது பிறந்து, போகும்போது மறைவது. கணினி தொடங்கும் வேளையில் அது இல்லாததால் மொத்த விதிக்கோப்பும் ஏறாமல், ஃபயர்வாலே இன்றி இணைப்பு வந்துவிடும் அபாயம் இருக்கிறது. எனவே வெளிமுனையை எப்போதும் ஐஐஎஃப்நேம், ஓஐஎஃப்நேம் என்ற பெயர்வழிச் சொற்களாலேயே குறிப்பிடுங்கள்.

விதிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும், ஏற்றாமல் இலக்கணத்தை மட்டும் சோதிக்கும் தெரிவைக் கொண்டு கோப்பைச் சரிபார்க்கலாம். எஸ்எஸ்எச் வழியே வேலை செய்வோர், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் தானாகத் திருப்பி ஏற்றும் ஒரு ஏற்பாட்டை, குறித்த நேரத்தில் வேலையை நடத்தும் ஏட் கட்டளையால் செய்துவிட்டுப் புதியதை ஏற்றினால், தவறான விதியால் தாங்களே வெளியே பூட்டப்பட்டாலும் சிறிது நேரத்தில் கதவு திறந்துவிடும்.

இந்த நிலையில் மடிக்கணினியிலிருந்து இணையம் ஓடுகிறதா, முகவரி சரியாக வருகிறதா, கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் தானாக மீள்கிறதா என்று பாருங்கள். மறுதொடக்கச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கைப்பட ஏற்றிய அமைப்பு கோப்பில் பதியாமல் போயிருந்தால் அதில்தான் தெரியும்.

இரண்டாம் கட்டம்: ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் ஆக்குதல்

ஃபைபர் முடியும் ஓஎன்டி பெட்டியை நம் கணினியால் எளிதில் மாற்ற முடியாது. நிறுவனத்தின் பக்கமுள்ள கருவி அதன் வரிசை எண்ணைப் பார்த்தே அனுமதிக்கிறது. ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் முறையில் அது முறைவைத்துப் பேச வேண்டியுள்ளது. அதை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, ஒளியை ஈதர்நெட்டாக்கும் வேலையை மட்டும் செய்யச் சொல்வதே சரியான வழி.

இதற்கு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடமோ வீட்டுக்கு வரும் லைன்மேனிடமோ மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இணைப்பு பயனர் பெயர் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ முறையா டிஎச்சிபி முறையா, பிபிபிஓஇ என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன, இணையத்துக்கான விஎல்ஏஎன் எண் என்ன. வீட்டுத் தொலைபேசி அதே பெட்டியில் இணைந்திருந்தால், அதற்கான அமைப்பைத் தொடாமல் இணையத்தை மட்டும் பிரிட்ஜுக்கு மாற்றுமாறு தெளிவாகச் சொல்ல வேண்டும். மாற்றுவதற்கு முன் பெட்டியின் இப்போதைய அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக வேண்டியிருந்தால் அவையே வழிகாட்டும்.

நம் கணினியில், பிபிபிஓஇ இணைப்பை நடத்தும் பிபிபிடி நிரலை நிறுவி, பயனர் பெயர், கடவுச்சொல், வெளிமுனை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். விஎல்ஏஎன் குறியீட்டை ஓஎன்டி தானே கழற்றித் தராவிட்டால், வெளிமுனையின் மேல் அந்த எண்ணில் ஒரு விஎல்ஏஎன் முனை உருவாக்கி அதன் மேல் பிபிபிஓஇயை ஓட்ட வேண்டும். ஃபயர்வாலில் வெளிமுனையின் பெயர் இருந்த இடங்களில் இப்போது பிபிபி முனையின் பெயர் வர வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பிபிபிடியில் இரண்டு தெரிவுகள் முக்கியம். இணைப்பு அறுந்தால் மீண்டும் முயலச் சொல்லும் பெர்சிஸ்ட் ஒன்று. தொடர்ந்து எத்தனை முறை தோற்றால் கைவிடுவது என்பதைக் குறிக்கும் மேக்ஸ்ஃபெயில் மற்றொன்று. பின்னதன் இயல்பு மதிப்பு 10. மின்தடைக்குப் பின் ஓஎன்டி விழித்தெழும் முன்னரே நம் கணினி எழுந்துவிடுவதாலும், வட்டாரத்தில் ஃபைபர் அறுந்தால் சீராக்க மணிக்கணக்கில் ஆகுமென்பதாலும், அதை 0 ஆக்கி, ஓயாமல் முயலச் சொல்ல வேண்டும்.

முதல் கட்டத்தின் எச்சம் ஒன்று இங்கே காலை வாரும். வெளிமுனை அப்போது டிஎச்சிபி வழியே பெற்ற, இணையத்துக்குப் போகும் இயல்பு வழித்தடம் இன்னும் இருந்தால், பிபிபிடி தன் வழித்தடத்தைச் சேர்க்காமல் விட்டுவிடும். இணைப்பு வந்துவிட்டது, முகவரியும் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை என்ற நிலை ஏற்பட்டால், வழித்தட அட்டவணையை முதலில் பாருங்கள். வெளிமுனையின் டிஎச்சிபி அமைப்பை நீக்கிவிட்டால் போதும். கடவுச்சொல் சரியாக இருந்தும் நிறுவனம் மறுத்தால், பழைய பெட்டியின் அமர்வு அங்கே இன்னும் முடியாமல் இருக்கக்கூடும். சில நிமிடம் பொறுத்து முயல வேண்டும்.

கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று பொருள். வீட்டிலுள்ள சேவையை வெளியிலிருந்து ஐபிவி4 வழியாக நேரே அணுக முடியாது என்பதைத் தவிர, மற்றப் பயன்பாட்டுக்கு அதனால் இடையூறில்லை.

1492 என்ற எண்

சில தளங்கள் திறக்கும், சில திறவாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்; வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், வங்கித் தளமோ பாதியில் நிற்கும். பிபிபிஓஇக்கு மாறிய அன்று இந்த அறிகுறி தென்பட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1492. வீட்டுச் சாதனங்களுக்கு இது தெரியாது. அவை 1500 என்றே எண்ணி, டிசிபி தரவு 1460 பைட் வரை வரலாம் என்று மறுமுனைக்கு அறிவிக்கின்றன. பாக்கெட் பெரிதாக உள்ளது என்று எச்சரிக்கும் ஐசிஎம்பி செய்தி வழியில் எங்கேனும் தடுக்கப்பட்டால், மறுமுனை பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

தீர்வு, ஃபார்வர்டு சங்கிலியில் ஒரு விதி. டிசிபி உரையாடலைத் தொடங்கும் சின் பாக்கெட்டில் உள்ள எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பாக்கெட்டில் ஏற்கும் டிசிபி தரவின் உச்ச அளவை), வழித்தடத்தின் எம்டியூவுக்கு (பாக்கெட்டின் உச்ச அளவுக்கு) ஏற்பக் குறைக்குமாறு அதில் சொல்ல வேண்டும். ஐபிவி4க்கு அது 1452 ஆகவும், ஐபிவி6க்கு 1432 ஆகவும் அமையும். அனுமதிக்கும் விதிகளுக்கு முன்னால் இதை வைக்காவிட்டால் பாக்கெட் இவ்விதியை எட்டுவதற்குள் கடந்துபோய்விடும்.

ஐபிவி6

உலகில் ஐபிவி4க்கு அடுத்த முகவரி முறையான ஐபிவி6 மிகுதியாகப் புழங்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பதால், இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. லினக்ஸில் ஐபிவி6 ஃபார்வர்டிங்கை இயக்கியவுடன், கணினி தன்னை ரூட்டராகக் கருதி, மேலேயுள்ள ரூட்டரின் அறிவிப்புகளைக் கேட்பதை நிறுத்திவிடும். பிபிபி முனைக்கு மட்டும் ஆக்செப்ட் ஆர்ஏ மதிப்பை 2 ஆக்கினால், ரூட்டராக இருந்துகொண்டே அறிவிப்பையும் கேட்கும். பின்னர் டிஎச்சிபிசிடி போன்ற நிரலைக் கொண்டு நிறுவனத்திடம் முகவரித் தொகுதி ஒன்றைக் கேட்டுப் பெற்று, அதன் 64 பிட் பகுதியை உள்முனைக்கு இட்டு, டிஎன்எஸ்மாஸ்க் வழியாக வீட்டுக்குள் அறிவிக்க வேண்டும். இங்கே முகவரி மாற்றம் கிடையாது; ஒவ்வொரு சாதனமும் பொது முகவரியுடன் நிற்கும். ஃபார்வர்டு சங்கிலியின் மறுப்பு ஒன்றே அவற்றைக் காப்பது, எனவே விதிகளை ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் பொதுவான ஐநெட் குடும்பத்தில் எழுதுவது நலம். ஐசிஎம்பிவி6 செய்திகளை முற்றாகத் தடுத்தால் அண்டைக் கணினியைக் கண்டறிவதே நின்றுவிடும்.

வைஃபை

கணினியிலுள்ள வைஃபை கார்டை, வைஃபை பரப்பும் அணுகுமுனையாக்க ஹோஸ்ட்ஏபிடி உதவும் என்றாலும், பொதுவாகக் கிடைக்கும் இன்டெல் கார்டுகள் 5 கிகாஹெர்ட்ஸில் அணுகுமுனையாக இயங்க அனுமதிப்பதில்லை. தனி ரூட்டர் ஒன்று கையில் இருந்தால், அதன் டிஎச்சிபி சேவையை முதலில் அணைத்து, அதற்கு 192.168.50.2 என்ற முகவரி கொடுத்து, அதன் லேன் முனையில் நம் கணினியின் கேபிளைச் செருகினால் நல்ல அணுகுமுனை ஆகிவிடும். ஓஎன்டியும் வைஃபையும் ஒரே பெட்டியாக இருந்தால், பிரிட்ஜ் நிலையில் அந்த வைஃபையை அணைத்துவிட்டுத் தனி அணுகுமுனை வாங்குவதே பாதுகாப்பானது.

வேகத்தைப் பங்கிடுதல்

இவ்வளவு உழைப்பின் பயனை வீட்டார் உணரும் இடம் இதுதான். ஒருவர் பெரிய வீடியோவைப் பதிவேற்றும்போது மற்றவரின் இணையவழி வகுப்பு தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக்குறைவு அன்று. வழியிலுள்ள கருவிகள் பாக்கெட்டுகளை நீண்ட வரிசையில் தேக்கிவைப்பதே. கர்னல் 4.19 முதல் லினக்ஸில் இருக்கும் கேக் என்ற வரிசை நிர்வாகி இதற்கு நல்ல மருந்து. பதிவேற்றத்துக்குப் பிபிபி முனையிலும், பதிவிறக்கத்துக்கு ஐஎஃப்பி என்ற போலி முனையிலும் அதை அமைத்து, வேக வரம்பை உண்மையில் அளந்த வேகத்தில் 90 முதல் 95 விழுக்காடாக வையுங்கள். அந்தச் சிறு இழப்பின் பயனாக, வரிசை சேருமிடம் நிறுவனத்தின் கருவியிலிருந்து நம் கணினிக்கு வந்துவிடும். நேட் என்ற தெரிவையும் சேர்த்தால், கேக் முகவரி மாற்றத்துக்கு அப்பால் பார்த்து ஒவ்வொரு சாதனத்துக்கும் சமபங்கு தரும். பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றியபடியே பிங் நேரத்தைக் கேக்குக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். நேரம் இன்னும் ஏறிக்கொண்டே போனால் வரம்பை மேலும் சற்றுக் குறையுங்கள்.

அன்றாடப் பராமரிப்பு

அனட்டெண்டட் அப்கிரேட்ஸ் தொகுப்பை நிறுவி, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறுமாறு செய்யுங்கள். கர்னல் திருத்தம் வந்தால் மறுதொடக்கம் அதிகாலையில் நடக்குமாறு நேரம் குறிக்கலாம். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லை நிறுத்திச் சாவி மட்டும் ஏற்கச் செய்க. ஓஎன்டி, கணினி, அணுகுமுனை மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் இணைத்தால், ஃபைபரின் மறுமுனையில் மின்சாரம் இருக்கும்வரை மின்தடையிலும் இணையம் நிற்காது.

அமைப்புக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியில் நகலெடுத்து வையுங்கள். பிபிபிஓஇ விவரங்கள் பதிந்த ஒரு பழைய ரூட்டர் இருந்தால் அதையும் ஓஎன்டி அருகிலேயே வைத்து, எந்தக் கேபிளைக் கழற்றி எங்கே செருகுவது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கணினி பழுதானால், வீட்டிலிருப்பவர் அந்தச் சீட்டைப் பார்த்தே இணைப்பை மீட்டுக்கொள்ள முடியும்.